காத்து குடிக்கும் ரப்பர் பட்டை

ஊர்க் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கிற வேலை எனக்கு. ஆனால் நாள் முழுக்க நான் பார்ப்பது அடுத்தவர் வீட்டு மூடின கதவைத்தான்.

வீடு வீடாக ஏறி இறங்குகிற யாருக்கும் இது தெரியும். கணக்கெடுக்கப் போகிறவர்கள், சொட்டு மருந்து கொடுக்கப் போகிறவர்கள், கொசு மருந்து ஊற்றப் போகிறவர்கள், எல்லோரும் என் கட்சி. 'அக்கா இருக்காங்களா' என்று கேட்பதற்குள் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். உள்ளே டிவி ஓடுகிற சத்தம் கேட்கும், பதில் வராது. நாய் மட்டும் நம்மை மதித்து எழுந்து வரும்.

எங்கள் காலனி கள்ளக்குறிச்சியிலிருந்து ரிஷிவந்தியம் போகிற பக்கம். ஊர்க் கடைசியில் ஒரு தகரக் கொட்டாய் போட்டிருந்தார்கள். பழைய ஒயர், கேபிள் எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். மேலே இருக்கிற பிளாஸ்டிக்கைக் கொளுத்தி உள்ளே இருக்கிற செம்புக் கம்பியை எடுப்பார்கள். பிள்ளைகள் அங்கன்வாடிக்குப் போகிற நேரத்துக்குச் சரியாகக் கறுப்புப் புகை கிளம்பும். என் மகள் மித்ராவுக்கு அப்போது இரண்டரை வயது. அவளுக்கு மூச்சு இளைப்பு. மாதத்தில் இரண்டு தடவையாவது கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, மூக்கில் மூடி வைத்து ஆவி பிடித்துக்கொண்டு வருவோம். கொட்டாயை எடுக்கச் சொல்லி ஊரே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தது. புகையில் என்ன இருக்கிறது, அதற்கு என்ன அத்தாட்சி என்று கள்ளக்குறிச்சி ஆபீசில் கேட்டார்கள். அத்தாட்சி தேடத்தான் மெட்ராஸ் காலேஜிலிருந்து ஒரு மேடம் எங்கள் ஊருக்கு வந்தார்.

பேசாத ஆள்

மேடத்துக்கு உள்ளூரில் ஒரு பெண் வேண்டியிருந்தது. பெண்கள் கையில் ரப்பர் பட்டை கட்டிவிட வேண்டும், ஏழு நாள் கழித்துக் கழற்ற வேண்டும், சீட்டில் பேர் எழுத வேண்டும். அங்கன்வாடி டீச்சர் மூன்று பேரைக் கொண்டுபோய் நிறுத்தினார். மற்ற இரண்டு பேரும் பன்னிரண்டாவது. கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்னார்கள். நான் எட்டாவது. என் முறை வந்தபோது மித்ராவை இடுப்பில் இந்தப் பக்கம் மாற்றினேன், அந்தப் பக்கம் மாற்றினேன், பதில் மட்டும் வரவில்லை. சரி, நமக்கு இல்லை என்று செருப்பை மாட்டிக்கொண்டேன்.

மேடம் என் பேரைத்தான் எழுதினார். டீச்சருக்கே நம்பிக்கை இல்லை. "அம்சா வாயே தொறக்காதுங்களே மேடம்" என்றார். அதற்கு மேடம் சொன்னது: "அதான் வேணும். நல்லாப் பேசறவங்க, கேள்வியோட பதிலையும் சேத்து சொல்லிக் குடுத்துடுவாங்க."

மீன் குழம்பு பாடம்

பட்டை ஒன்றும் பெரிய சாமான் இல்லை. காலேஜ் பிள்ளைகள் மணிக்கட்டில் மாட்டிக்கொள்கிற சிலிகோன் ரப்பர் வளையம் மாதிரிதான். அதில் பேட்டரி இல்லை, முள் இல்லை, லைட் இல்லை. இது எப்படிக் காற்றை அளக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்க வெட்கம். மேடமே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்ல மீன் குழம்பு மிஞ்சினா எதுல எடுத்து வைப்பீங்க?" என்று கேட்டார். "எவர்சில்வர் தூக்குலங்க" என்றேன். "ஏன், பிளாஸ்டிக் டப்பா இல்லையா?" "அதுல வெச்சா கவிச்சி போவாதுங்க. எத்தினி வாட்டி தேச்சாலும் போவாது." அவ்வளவுதான் பாடம் என்றார்.

பிளாஸ்டிக், ரப்பர் எல்லாம் உள்ளுக்குள் நீள நீள நூல் சிக்கிக் கிடக்கிற மாதிரி இருக்குமாம். நூலுக்கு நடுவே இடுக்கு. சிலிகோன் ரப்பரில் அந்த நூல்கள் நெருங்கி இறுகாமல் அசைந்துகொண்டே இருக்கும். புகையோடு வருகிற கண்ணுக்குத் தெரியாத சாமான்கள், எண்ணெய்ப் பிசுக்கு மாதிரியானவை, அந்த இடுக்கில் போய் உட்கார்ந்துவிடும்; தண்ணீர் ஊற்றினாலும் எழுந்து வராது. நாம் ஏழு நாள் எந்தக் காற்றில் இருந்தோமோ அது பட்டைக்குள் இருக்கும். லேபில் மருந்து ஊற்றி அதைக் கறந்துவிடுவார்கள். அதனால் கழற்றினதும் அலுமினியத் தாளில் சுற்றி, கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூட வேண்டும். யார் கையிலும் கட்டாத பட்டை ஒன்று முதல் நாளிலிருந்தே பாட்டிலுக்குள் இருக்கும். அது சாட்சி. அதில் இல்லாதது கட்டின பட்டையில் இருந்தால், கட்டியிருந்த இடத்தில்தான் வந்து சேர்ந்தது என்று அர்த்தம்.

இதையெல்லாம் வீட்டில் ஒப்பித்தேன். என் வீட்டுக்காரர் கட்டட வேலைக்குப் போகிறவர். சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்கையில ஒண்ணு கட்டு. மேஸ்திரி உடற திட்டு எம்மாம் உள்ள போயிருக்குன்னு அந்த லேபு சொல்லட்டும்."

கையில் கட்டினால்

முதலில் கை நீட்டியவர் வசந்தா அக்கா. கொட்டாய்க்கு அடுத்த வீடு அவருடையது. மனுவை எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவரும் அவர்தான். அவர் சின்ன மகளுக்கும் மித்ராவைப் போலவே இளைப்பு. கட்டிவிட்டு, கழற்றக்கூடாது, எண்ணெய் படக்கூடாது என்று முணுமுணுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் பார்க்கப் போனால், வெள்ளைப் பட்டை மஞ்சள் கொம்பு மாதிரி இருக்கிறது. அரைத்த மஞ்சளைப் பூசி, குங்குமமும் வைத்திருக்கிறார். ஊரில் மாரியம்மனுக்குக் காப்பு கட்டினால் எப்படியோ அப்படி. கறி மீன் தொடவில்லை, உளுந்தூர்பேட்டையில் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குக் கூடப் போகவில்லை, காப்பு கட்டினவர்கள் ஊர் எல்லை தாண்டக்கூடாதாம். நான் சோப்பு போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மஞ்சளை ரப்பர் குடித்துவிட்டது, போகவில்லை. வேறு பட்டை கட்டி, முதலிலிருந்து ஏழு நாள் எண்ண வேண்டியதாயிற்று. "இது சாமி காப்பு இல்லக்கா, லேபுக்குப் போறதுக்கா" என்றேன். அவர் கோபப்படவில்லை. இன்னொரு கையை நீட்டிக்கொண்டு சொன்னார்: "லேபுக்குப் போவட்டும், எங்கியாச்சும் போவட்டும். எம் பொண்ணு மூச்சுக்காகக் கையில கட்டினா எனக்கு அது காப்புதான்."

மலைக் காற்று

ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான காற்றும் வேண்டும் என்று மேடம் சொன்னார். சுத்தமான காற்றுக்குக் கல்வராயன் மலையை விட்டால் எங்கே போவது? கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டி வளைவு ஆரம்பித்ததும் மித்ரா என் மடியிலும் மேடத்தின் பையிலும் பங்கு போட்டு வாந்தி எடுத்தாள். மேலே போனதும் காற்று குளுகுளுவென்று இருந்தது. மித்ரா அன்று ஒரு தடவைகூட இளைக்கவில்லை. சின்னப்பொண்ணு என்கிற அக்கா கையில் பட்டை கட்டினோம். ஏழு நாள் கழித்து மேடமே போய்க் கழற்றி, நேராக மெட்ராஸ் கொண்டுபோனார்.

லேபில் பார்த்தால் அந்தப் பட்டை நிறைய விறகுப் புகை. வெளியே மலைக் காற்று சுத்தம்தான். ஆனால் பட்டை கட்டின கை காலையும் மாலையும் ஜன்னல் இல்லாத சமையல்கட்டில் அடுப்பு ஊதுகிறது. இதைச் சொல்லப் போனபோது சின்னப்பொண்ணு அக்கா வரகு புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்து நிதானமாகக் கேட்டார்: "உங்க ஊர்ல கொட்டாய்க்காரன் மேல மனு குடுத்தீங்க, சரிங்க. எங்க வூட்டு அடுப்பு மேல நான் யாராண்ட குடுக்கறதுங்க?"

ஆணியில் மாட்டின பட்டை

அஞ்சலை என் வயதுக்காரி. கொட்டாயில் ஒயர் பிரிக்கிற வேலைக்குப் போகிறாள். அவள் கையில்தான் பட்டை முக்கியம் என்று மேடம் இரண்டு தடவை சொன்னார். மறுக்காமல் கட்டிக்கொண்டாள். நடுவில் ஒரு நாள் அவள் வீட்டுப் பக்கம் போனேன். அவள் வேலைக்குப் போயிருந்தாள். பட்டை மட்டும் வாசக்கால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாலையில் கேட்டேன். கொட்டாய்க்காரர் கண்ணில் பட்டால் நாளைக்கு வேலை இல்லை என்றாள். வேலைக்குப் போகும்போது ஆணியில் மாட்டிவிட்டு, வந்ததும் போட்டுக்கொள்கிறாளாம். மேடம் கொடுத்த சீட்டில் 'கழற்றிய நேரம்' என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள். எழுதினால், சீட்டு கொட்டாய்க்காரர் கண்ணில் பட்டால் அவளுக்கு ஆபத்து; எழுதாவிட்டால் சீட்டு பொய். கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டேன். போகும்போது அஞ்சலை சொன்னாள்: "வயித்துக்குத்தாண்டி அங்க போறேன். நெஞ்சு எப்படிப் போனா இன்னா, அத யாரு பாக்கறா?"

பொங்கல் லீவு

எல்லோருடைய பட்டையும் கழற்ற வேண்டிய நாள் பொங்கலுக்கு முந்தின நாளாக வந்து விழுந்தது. மேடம் அனுப்பின பெட்டியைத் திறந்தால் பாட்டில் எல்லாம் உடைந்து கிடக்கிறது. அலுமினியத் தாள் இருந்தது; நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மித்ரா அதை வாசல்வரைக்கும் உருட்டி, அதன் மேல் நடந்து விளையாடிக்கொண்டிருந்தாள். அங்கன்வாடி பூட்டியாகிவிட்டது. கட்டாத பட்டை, அந்தச் சாட்சி, அங்கே பீரோவுக்குள் பாட்டிலில் பத்திரமாக இருந்தது. கட்டின பதினோரு பட்டையும் என் மடியில். எடுத்துப்போக வண்டி லீவு முடிந்துதான் வரும்.

மேடத்துக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். லீவு நாளில் தொந்தரவு பண்ணுவதா என்று வெட்கம். உங்களில் எத்தனை பேர் இந்த வெட்கத்தால் கெட்டீர்களோ தெரியாது, நான் கெட்டேன். கடையில் புதிதாக ஜிப் வைத்த பாலிதீன் கவர் வாங்கி, ஒரு பட்டைக்கு ஒரு கவராகப் போட்டு அழுத்தி மூடினேன். கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருந்தது. எங்கே வைப்பது? வெளியே வைத்தால் மித்ரா, இல்லாவிட்டால் கரப்பான். என் வீட்டுக்காரர் என் கல்யாணப் புடவை இருக்கிற ட்ரங்குப் பெட்டியைத் திறந்து இடம் ஒதுக்கிக் கொடுத்தார். சொன்னார்: "இதுல வையி. பாச்சா உருண்டை கெடக்குது, ஒரு பூச்சி அண்டாது."

அதே சாமான்

மாசி மாதம் கள்ளக்குறிச்சி ஆபீசில் கூட்டம் வைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. இந்தப் பக்கம் நாங்கள் இருபது பேர். ஓரமாகக் கொட்டாய்க்காரர். வசந்தா அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடம் எழுந்து, ஊரில் கட்டின பட்டை எல்லாவற்றிலும் ஒரு சாமான் ரொம்ப ஜாஸ்தியாக வந்திருக்கிறது, தானே இவ்வளவு எதிர்பார்க்கவில்லை என்று சொன்னார். கட்டாத பட்டையில் அது துளிகூட இல்லை என்றும் சொன்னார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதிகாரி, "பேர் சொன்னா புரியாது, ஜனங்களுக்குத் தெரியற மாதிரி சொல்லுங்க" என்றார். மேடம் எங்களைப் பார்த்துத் திரும்பி, "நாப்தலீன். பீரோல பாச்சா உருண்டை போடறோமே, அதே சாமான்தான். புகையிலயும் வரும்" என்றார்.

என் ட்ரங்குப் பெட்டி கண்முன் வந்தது. பெருங்காயத்தைப் பாலிதீன் கவரில் கட்டி வைத்தால் அஞ்சறைப் பெட்டி முழுக்க மணக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. கவரில் இருந்த பதினோரு பட்டையும் நான்கு நாள் என் புடவைப் பெட்டியைக் குடித்திருக்கிறது. பேசாமல் இருந்தால் கொட்டாய் போய்விடும். மித்ரா மூச்சு விடுவாள். நான் பேசாமல் இருந்தால் யாரும் சந்தேகப்படப் போவதில்லை, நான்தான் எப்போதுமே பேசாதவள் ஆயிற்றே. ஆனால் மேடம் கையிலிருந்த லேப் தாளில் இருந்தது எங்கள் ஊர்க் காற்று இல்லை. வசந்தா அக்கா பிடியிலிருந்து முதலில் என் கையை உருவ வேண்டியிருந்தது. எழுந்து நின்றேன். "மேடம், அது எங்க வூட்டு ட்ரங்குப் பொட்டிங்க" என்று ஆரம்பித்து, உடைந்த பாட்டில், கவர், உருண்டை, அங்கன்வாடியில் தனியாக இருந்த சாட்சிப் பட்டை எல்லாவற்றையும் சொன்னேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

மேடம் தாளை மேசையில் வைத்தார். "பாலிதீன் கண்ணுக்குத்தான் கவர், வாசனைக்கு அது கொசுவலை" என்று மெதுவாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கொட்டாய்க்காரர் சிரித்தார்: "பொடவைப் பொட்டி நாத்தத்துக்கு எங்கொட்டாய மூடணுமாங்க சார்?" அதிகாரி தாளை மடித்து, மறுபடி பார்த்துவிட்டு வாருங்கள் என்று கூட்டத்தை முடித்தார். பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எங்கள் நிறுத்தத்தில் இறங்கியதும் வசந்தா அக்கா என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: "ஒம் பொண்ணும் இளைக்கறா, எம் பொண்ணும் இளைக்கறா. எப்பவும் ஊமையா இருக்கறவ இன்னிக்கு ஒரு நாளு இருந்திருந்தா இன்னாடி?"

நீட்டாத கைகள்

மேடம் என்னை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் புது பட்டை, புது பாட்டில், உடையாத மரப்பெட்டி எல்லாம் அனுப்பி, கட்டாத பட்டை இந்தத் தடவை இரண்டு என்று சொன்னார். ஒன்று அங்கன்வாடியில், ஒன்று நான் போகிற இடமெல்லாம் என்னோடு. அஞ்சலை பட்டையை ஆணியில் மாட்டினதையும், நான் கட்டத்தைக் காலியாக விட்டதையும் போனில் சொல்லிவிட்டேன். சொன்னதும் பாரம் குறைந்தது, ஆனால் கை நீட்டத்தான் ஊரில் ஆள் இல்லை. கதவைத் தட்டினால், "பாச்சா உருண்டை வந்திருக்குது" என்று உள்ளே சொல்லிக்கொண்டு சிரிக்கிறார்கள். ஒரு வீட்டில் என் முகத்துக்கு நேரே தாழ்ப்பாள் போட்டார்கள். மித்ராவை இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு முழுக்க நடந்து, ஒரு பட்டைகூடக் கட்டாமல் திரும்பினேன். அன்றைக்குக் காலையிலும் கொட்டாயில் கொளுத்தினார்கள். மித்ராவின் விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் அஞ்சலை தானாக வந்தாள். அவளும் மற்ற வேலைக்காரப் பெண்களும் சேலைக்கு மேல் முழுக்கை ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்வார்கள். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, அங்கே கட்டச் சொன்னாள். சட்டையை இழுத்துவிட்டால் வெளியே தெரியாது. "வேலைக்கும் போட்டுக்கினு போறியா?" என்று கேட்டேன். "போன வாட்டி எங்க வூட்டு ஆணிதான் பொகைய குடிச்சிது. இந்த வாட்டி இது எங்கூட வரட்டும்" என்றாள்.

அவள் போனதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு நான்கு பேர். வசந்தா அக்கா கடைசியாக வந்தார். அவர் வீட்டுக்கு நான் போகவில்லை, தைரியம் இல்லை. என் வாசலில் நின்று கையை நீட்டினார். சிரிக்கவில்லை. நான் கட்டும்போது சொன்னார்: "மஞ்சள் பூசக்கூடாது, அப்புறம் இன்னா இன்னா கூடாதோ எல்லாத்தையும் முதல்லருந்து சொல்லு. இந்த வாட்டி என்னால கெடக்கூடாது."

இரண்டாவது தாள்

இந்தத் தடவை பட்டையைக் கழற்றின கையோடு தாளில் சுற்றி, பாட்டிலில் போட்டு, மூடியை என் வீட்டுக்காரர் ஒரு சுற்று, நான் ஒரு சுற்று இறுக்கினோம். வண்டி வரும்வரை பெட்டியை அங்கன்வாடியில் வைத்தேன். அடுத்த கூட்டத்தில் மேடம் படித்தபோது பாச்சா உருண்டைச் சாமான் கொஞ்சம்தான் இருந்தது. ஆனால் முதல் தடவை அந்தப் பெரிய எண்ணுக்குப் பின்னால் யாரும் கவனிக்காமல் கிடந்தவை இப்போது வரிசையாகத் தெரிந்தன. ஒயர் மேல் பூசுகிற பிளாஸ்டிக் எரிந்தால் வருகிறவையாம். கொட்டாய்க்குத் தூரமான வீட்டில் கம்மி, கிட்டே வர வர ஜாஸ்தி, வசந்தா அக்கா பட்டையில் இன்னும் ஜாஸ்தி, அஞ்சலை பட்டையில் எல்லாவற்றையும் விட ஜாஸ்தி. கட்டாத இரண்டிலும் இல்லை.

கொட்டாய்க்காரர், முதல் தாள் பொய் என்றால் இதுவும் பொய்தானே என்று கேட்டார். அதிகாரி தலையைத் தூக்கிச் சொன்னார்: "அது தப்புன்னு நீங்களா கண்டுபிடிச்சீங்க? அந்தப் பொண்ணுதான சொல்லிச்சு. அதனாலதான் இத நம்பறேன்." பட்டையை மட்டும் வைத்துக் கொட்டாயை மூட முடியாது, நேரில் வந்து பார்க்கிறோம் என்றார். வந்தார்கள். பார்த்தால் கொட்டாய்க்கு எந்த அனுமதியும் இல்லை. பூட்டி சீல் வைத்தார்கள். அன்றைக்கு வசந்தா அக்கா மகள் தெருவில் ஓடினாள். மித்ராவுக்கு இளைப்பு ஒரேயடியாக நிற்கவில்லை. ஆனால் அடுத்த இரண்டு மாதத்தில் ஒரே ஒரு தடவைதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஊரில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தபோது அஞ்சலை வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளே சொன்னாள்: "இனிமே நல்லா மூச்சு உடலாம். மூச்ச உட்டுக்கினு எந்த வேலைக்குப் போறதுன்னு மட்டும் ஒம் பட்டையாண்ட கேட்டுச் சொல்லுடி."

ஏரிக்கு அந்தப் பக்கம்

ஆடி மாதம் காற்று திரும்பியது. ஒரு நாள் காலையில் ஏரிக்கு அந்தப் பக்கம், வேலிகாத்தான் புதருக்குப் பின்னால், கறுப்பாகப் புகை எழும்பியது. புதுத் தகரம், பழைய ஆள். எங்கள் ஊரில் பூட்டினதை அடுத்த ஊர்க் கடைசியில் திறந்துவிட்டார் கொட்டாய்க்காரர். எங்கள் ஊரில் அங்கன்வாடி என்றால், அங்கே கொட்டாய்க்குப் பக்கத்தில் பள்ளிக்கூடமே இருந்தது. மேடத்துக்கு நானே போன் பண்ணினேன், லீவு நாளில். அடுத்த வாரம் மரப்பெட்டி வந்தது.

புது ஊர், புது கதவுகள். முதல் வீட்டில் என்னைவிடச் சின்னப் பெண், இடுப்பில் கைக்குழந்தை. பட்டை எதற்கு, மஞ்சள் ஏன் பூசக்கூடாது, கவரில் ஏன் போடக்கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். இப்போதெல்லாம் கொஞ்சம் பேச வருகிறது. அவள் முழுசாகக் கேட்டாள். எந்த ஊர் என்று விசாரித்தாள், சொன்னேன். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கையை நீட்டி, என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "ஒங்க ஊரு பொகைய எங்க ஊருக்கு முடுக்கி உட்டுட்டு, இப்ப அத அளக்கவும் நீங்களே வந்துட்டீங்களாக்கா?"

புகையைப் பிடித்து வைக்க ஒரு ரப்பரைக் கண்டுபிடித்துவிட்டார்கள், புகை விடுகிறவரைப் பிடித்து வைக்கத்தான் இன்னும் எந்த லேபிலும் ஒன்றும் வரவில்லை.